மண் இளகும் நேரம் – 7: எண்ணி வைத்த அடிகள்

ஜப்பானிய மொழியில் ‘கவாகிஷி’ என்றால் ஆற்றங்கரை. நீகாட்டா நகரில், ஷினானோ ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கவாகிஷி-சோ என்றொரு குடியிருப்புப் பகுதி. ஆறு ஒதுங்கிக் கொடுத்த நிலத்தில் நான்கு தளக் கான்கிரீட் கட்டடங்களை வரிசையாக எழுப்பியிருந்தார்கள். 1964 ஜூன் 16, பிற்பகல் 1 மணி 1 நிமிடம். அவாஷிமா தீவை ஒட்டிக் கடலுக்கடியில் நிலம் அசைந்தது. அளவு 7.5.

சென்ற பகுதியில் நாம் பார்த்த அலாஸ்கா நிலநடுக்கப் பேரழிவு நடந்து அன்றைக்கு 81 நாள்.

கவாகிஷி-சோவின் கட்டடங்கள் இடிந்து விழவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சாய்ந்தது. ஒன்று மட்டும், களைத்துப்போனவர் கட்டிலில் சரிவதுபோலச் சரிந்து, ஏறக்குறைய முழுவதுமாக மல்லாந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியேறிச் சுவரின்மேல் நடந்து தரைக்கு வந்தார்கள். சாய்ந்தவற்றில் சில கட்டடங்களைப் பின்னர் ஜாக்கி வைத்து நிமிர்த்தி மறுபடியும் பயன்படுத்தினார்கள். தூணும் உத்தரமும் தளமும் அந்த அளவுக்குப் பழுதில்லாமல் இருந்திருக்கின்றன. கைவிட்டது காலடி மண்.

நகரில் அப்போது சுமார் 1,500 கான்கிரீட் கட்டடங்கள் இருந்தன. 310 சேதமடைந்தன. அவற்றிலும் ஏறத்தாழ 200 கட்டடங்கள், மேலே சொல்லிக்கொள்ளும்படியான சேதம் எதுவுமின்றி, முழுசாகப் புதைந்தோ சாய்ந்தோ போனவை. ஷினானோ ஆற்றின் குறுக்கே அந்த ஆண்டு மே மாதம்தான் கட்டி முடித்த ஷோவா பாலத்தின் உத்தரங்கள் ஆற்றுக்குள் வரிசையாகச் சரிந்தன. அதே ஆற்றின்மேல் 1929-ல் கட்டிய பண்டாய் பாலம் காயத்தோடு நின்றது. தெருக்களில் மணலும் தண்ணீரும் கொப்பளித்து வழிந்தன. எண்ணெய் ஆலையில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. இவ்வளவுக்கும் உயிரிழந்தவர்கள் 26 பேர். கட்டடங்கள் நொறுங்காமல் சாய்ந்ததுதான் பலரைக் காப்பாற்றியது.

மண் ஏன் கைவிட்டது என்பதை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே பேசியிருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக ஒருமுறை சுருக்கமாக. மரக்காலில் நெல்லைத் தளதளவென்று கொட்டிவிட்டுப் பக்கவாட்டில் தட்டினால் நெல் அமுங்கும்; மேலே இடம் கிடைக்கும். நெருக்கமில்லாமல் படிந்த மணலும் அப்படித்தான், குலுங்கினால் நெருங்கப் பார்க்கும். ஆனால் மணிகளுக்கு இடையே தண்ணீர் நிறைந்திருக்கிறதே, நெருங்க வேண்டுமானால் அது வெளியேற வேண்டும். சில விநாடிகளில் எங்கே போகும்? அதுவரை மணலும் மணலும் ஒன்றையொன்று தாங்கிச் சுமந்த பாரம் தண்ணீரின் தலையில் ஏறுகிறது. மணிகளின் பிடி விட்டுப்போகிறது. தரை, கஞ்சியாகிவிடுகிறது. இதைத்தான் மண் திரவமாதல் என்கிறோம்.

கவாகிஷி-சோவின் ஒரு கட்டடத்து அடித்தளத்தில் நில அதிர்வைப் பதியும் கருவி ஒன்று இருந்தது. அதில் பதிந்த அதிகபட்ச அதிர்வு, புவியீர்ப்பு முடுக்கத்தில் 16 சதவீதம்தான். தொடங்கிய சில விநாடிகளில் படபடவென்ற அதிர்வு ஓய்ந்து, படகு ஆடுவதுபோல நீண்ட, மந்தமான அசைவுகள் காகிதத்தில் தெரிகின்றன. மண் இளகிய கணத்தைக் கருவி எழுதி வைத்திருக்கிறது. அந்த வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

இனி இந்தப் பகுதியின் கேள்விக்கு வருவோம். ஒரே ஊர், ஒரே அதிர்வு. ஒரு தெருவில் கட்டடம் படுத்துவிட்டது. சற்றுத் தள்ளி அதே மாதிரிக் கட்டடம் நிற்கிறது. மேலே இருந்து பார்த்தால் இரண்டு இடமும் ஒரே மணல்தான். வித்தியாசத்தை யார் சொல்வது?

சொன்னது, பழைய காகிதக் கட்டுகளில் கிடந்த ஓர் எண். அந்த எண் எங்கே பிறந்தது என்று பார்க்க நாம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குப் போக வேண்டும்.

அஸ்திவாரம் போடுமுன் மண்ணைத் துளையிட்டுப் பார்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. குழாயை இறக்கி, தண்ணீரைப் பீய்ச்சி, மேலே வரும் சேற்றைக் கையில் எடுத்துப் பார்த்து ‘இது மணல், இது களி’ என்று எழுதிக்கொள்வார்கள். கழுநீரைப் பார்த்து அரிசியின் தரம் சொல்வது போன்ற வேலை அது. மணல் என்று தெரியும். இறுகிய மணலா, இளகிய மணலா என்று தெரியாது. 1902-ல் சார்லஸ் கோ என்ற ஒப்பந்தக்காரர், துளையின் அடியில் ஒரு சிறு குழாயை எடை போட்டு அடித்து இறக்கி, அதற்குள் அடைபட்ட மண்ணை அப்படியே மேலே எடுக்கத் தொடங்கினார். குழாயை இறக்க எத்தனை அடி வேண்டியிருக்கிறது என்பது மண்ணின் கெட்டித்தனத்தைச் சொல்லும் என்பது அந்த வேலையின் ஊடே மெல்லத் தெளிந்தது. 1927 வாக்கில், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து திறக்கக்கூடிய, இரண்டு அங்குல வெளிவிட்டம் உள்ள குழாய் வந்தது. சைட்டில் அதற்கு இன்றைக்கும் ‘ஸ்ப்ளிட் ஸ்பூன்’ என்றுதான் பெயர். 140 பவுண்டு எடை, 30 அங்குல உயரம் என்பதும் அந்தக் காலத்தில் நிலைபெற்றதுதான். ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் கணக்கிட்டுக் கண்டறிந்த எண்களல்ல அவை. வேலையாட்களின் கைக்கு வசதிப்பட்டவை.

முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

முக்காலி நட்டு, உச்சியில் கப்பி மாட்டி, துளையை வேண்டிய ஆழத்துக்குத் தோண்டிச் சுத்தம் செய்கிறார்கள். கம்பித் தண்டுகளின் நுனியில் ஸ்ப்ளிட் ஸ்பூனைப் பூட்டி அடியில் வைக்கிறார்கள். தண்டின் மேல்பக்கத்தில் சாக்பீஸால் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மூன்று கோடு. பிறகு 63.5 கிலோ எடையைச் சுமார் 76 சென்டிமீட்டர் தூக்கி விடுகிறார்கள். ணங். மறுபடி தூக்கி விடுகிறார்கள். ஒருவர் அடிகளை எண்ணிக்கொண்டே இருப்பார். முதல் 15 சென்டிமீட்டருக்கு விழுந்த அடிகள் கணக்கில் சேராது; தோண்டும்போது கலைந்த மண் அது. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்ததோ, அதுவே அந்த ஆழத்துக்கான எண். மேலே எடுத்துக் குழாயைத் திறந்தால் மண்ணும் கையில் இருக்கும், சலித்துப் பார்க்கலாம். பிறகு ஒன்றரை மீட்டர் கீழே போய் மறுபடியும் அதே வேலை.

மண் விசையியலின் தந்தை என்று போற்றப்படும் கார்ல் டெர்சாகி 1947-ல் இதற்கு ‘ஸ்டாண்டர்ட் பெனிட்ரேஷன் டெஸ்ட்’ என்று பெயர் சூட்டினார். இன்று கட்டட உலகம் முழுவதும் எஸ்.பி.டி. மறு ஆண்டே அவரும் ரால்ஃப் பெக்கும் சேர்ந்து எழுதிய பாடநூலில் ஓர் அட்டவணை வந்தது: 4 அடிக்குக் குறைந்தால் மிக இளகிய மணல், 10 வரை இளகியது, 30 வரை நடுத்தரம், 50 வரை இறுகியது, அதற்கும் மேல் மிக இறுகியது. பொறியாளர்கள் இந்த எண்ணை ‘என்’ என்ற ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள். ‘என் மதிப்பு’ என்று தமிழில் எழுதினால் என்னுடைய மதிப்பு என்று குழம்பும். ஆகவே நான் இங்கே அடிக்கணக்கு என்றே சொல்கிறேன்.

போருக்குப் பிந்தைய ஜப்பான் இந்த முறையை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டது. 1961-ல் அந்நாட்டின் தொழில் தரங்களில் ஒன்றாகவும் ஆக்கியது. நீகாட்டாவில் கட்டடம் எழுப்பியவர்கள் ஆங்காங்கே துளையிட்டு, அடிக்கணக்கை எழுதி வைத்திருந்தார்கள். நிலநடுக்கத்தை நினைத்து எழுதியதில்லை. அஸ்திவாரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கத்தான்.

1964-க்குப் பிறகு அந்தக் காகிதங்களை ஜப்பானியப் பொறியாளர்கள் தூசி தட்டி எடுத்தார்கள். நகரத்தின் வரைபடத்தில் சேதத்தைக் குறித்தபோது மூன்று பகுதிகள் தெளிவாகப் பிரிந்தன. கடலோர மணல்மேடுகளில் சேதமே இல்லை எனலாம். உட்பக்கத்துத் தாழ்நிலத்தில் ஒரு பகுதி லேசான சேதத்தோடு தப்பியது. இன்னொரு பகுதி, பெரும்பாலும் ஆறு ஓடி மறைந்த தடம், அடியோடு வீழ்ந்தது. இந்த இரண்டு தாழ்நிலப் பகுதிகளிலும் மேல் நாலைந்து மீட்டருக்கு அடிக்கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்குக் கீழே, சுமார் 14 மீட்டர் ஆழம் வரை, வீழ்ந்த பகுதியில் எண்கள் குறைவாகவும் தப்பிய பகுதியில் கூடுதலாகவும் இருந்தன. மண்ணுக்குள் மறைந்திருந்த வித்தியாசத்தை, நிலநடுக்கம் வருவதற்கு முன்பே எவரோ எண்ணி எழுதி வைத்திருக்கிறார். படிக்கத்தான் ஆளில்லை.

கோயிசுமி என்ற ஆய்வாளர் இன்னொன்று செய்தார். முன்பு துளையிட்ட இடங்களின் அருகிலேயே மறுபடி துளையிட்டு, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இளகிய மணல் அதிர்வுக்குப் பின் இறுகியிருந்தது. இறுகிய மணல் சற்றுத் தளர்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே, கூடாமலும் குறையாமலும் நிற்கும் ஒரு எல்லை இருந்தது. அதன் இந்தப் பக்கம் இருந்தால் குலுங்கும்போது அமுங்கப் பார்க்கும் மண். அந்தப் பக்கம் இருந்தால் தாங்கும் மண். 1966-ல் அவர் இதை வெளியிட்டார்.

இங்கே ஒரு நிமிடம் நம் நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1934 ஜனவரி 15-ல் பீகாரிலும் நேபாளத்திலும் வந்த நிலநடுக்கத்தில், வட பீகாரில் சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலமே இளகியது. சீதாமடி, மதுபனி, பூர்ணியா என்று கட்டடங்கள் சாய்ந்தும் புதைந்தும் போயின. வயல்களில் மணல் பொங்கிப் படர்ந்தது. கிணறுகள் மணலால் தூர்ந்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதை விரிவாகப் பதிவு செய்தது. நீகாட்டாவைவிடப் பன்மடங்கு பெரிய திரவமாதல் அது. ஆனால் உலகம் பாடம் படித்தது நீகாட்டாவில். ஏனென்றால் அங்கே முன்கூட்டிய எண் இருந்தது. அழிவின் அளவைவிட அழிவுக்கு முன் எழுதிய குறிப்பேடுதான் அறிவியலுக்கு உதவியது என்பது என் உறுதியான எண்ணம்.

நீகாட்டாவின் காகிதங்கள் கடல் கடந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் போயின. இங்கிலாந்தின் போல்டன் நகரில் பிறந்த ஹாரி போல்டன் சீட் அங்கே பேராசிரியர். அவரிடம் ஆய்வு செய்த இஸ்ஸத் இத்ரிஸ் உடன் இருந்தார். அலாஸ்காவும் நீகாட்டாவும் ஒரே ஆண்டில் வந்து, அவர்கள் மேசையில் இரண்டு பெரிய கேள்விகளை வைத்துவிட்டன. மணலை ஆய்வகத்தில் வைத்துக் குலுக்கிப் பார்க்கும் சோதனையைச் சீட் முன்னமே தொடங்கியிருந்தார். அதில் ஒரு தீராத தொல்லை. பூமிக்கடியில் நூற்றாண்டுகளாகப் படிந்த மணலை, கலையாமல் மேலே கொண்டுவர வழியில்லை. எடுக்கும்போதே மணிகள் இடம் மாறிவிடும். சோதிப்பது வேறொரு மணலை.

அப்படியானால் மண்ணை அதன் இடத்திலேயே கேட்க வேண்டும். கேட்பதற்கு உலகம் முழுவதும் ஏற்கெனவே ஒரு முறை புழங்குகிறது. 1971 பிப்ரவரி 9-ல் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் ஒரு மண் அணையின் உட்பக்கம் இளகிச் சரிந்தது; கீழே குடியிருந்த 80,000 பேரை அவசரமாக வெளியேற்ற வேண்டியிருந்தது. அதே ஆண்டில் சீடும் இத்ரிஸும் ‘எளிய முறை’ என்று பெயரிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மண் திரவமாதலைக் கணிக்க இன்றும் உலகெங்கும் போடும் கணக்கின் வேர் அந்தக் கட்டுரைதான்.

கணக்கின் சாரம் இரண்டே எண்கள். நிலநடுக்கம் அந்த ஆழத்து மண்ணை எவ்வளவு திருகும் என்பது ஒன்று: உச்ச அதிர்வில் 65 சதவீதத்தை எடுத்து, மேலே இருக்கும் மொத்தப் பாரத்தால் பெருக்கி, மணிகள் உண்மையில் சுமக்கும் பாரத்தால் வகுக்க வேண்டும், ஆழத்துக்காகச் சிறு கழிவு உண்டு. அந்த மண் எவ்வளவு திருகலைத் தாங்கும் என்பது மற்றொன்று. இதைத்தான் அடிக்கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். முன்பு நிலநடுக்கம் கண்ட இடங்களை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார்கள். இளகிய இடம் கறுப்புப் புள்ளி, இளகாத இடம் வெறும் வட்டம். இரண்டையும் பிரித்து நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டில் சமன்பாட்டைவிட அனுபவமே அதிகம். ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் ஏதோ ஓர் ஊரின் துயரம்.

ஓர் எடுத்துக்காட்டுப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டரிலேயே நிலத்தடி நீர். ஆறு மீட்டர் ஆழத்தில் களி கலக்காத மணல். நீகாட்டாவில் பதிந்த அதே 16 சதவீத அதிர்வு, அதே 7.5 அளவு. மேலே உள்ள மொத்தப் பாரம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 11 டன். அதில் தண்ணீர் தாங்குவது போக மணிகள் சுமப்பது 6 டன் மட்டும். கணக்கை முடித்தால், அந்த ஆழத்தில் அடிக்கணக்கு ஏறக்குறைய 13 இருந்தால் மண் எல்லையில் நிற்கும். 8 இருந்தால் இளகும். நீர்மட்டம் ஏறினால் மணிகளின் பங்கு குறையும், ஆபத்து கூடும். மேலே மண் கொட்டி உயர்த்தினால் நிலைமை மேம்படும். நீகாட்டாவிலேயே 9 அடி உயரத்துக்கு மண் நிரப்பியிருந்த ஓரிடம், சுற்றிலும் எல்லாம் இளகியபோதும் உறுதியாக நின்றது.

ஆனால் அந்த 13 யார் அடித்த 13?

இந்தக் கேள்வி எழுந்தபோது சற்றே ஆட்டம் கண்டது முறை முழுவதும். எடை ஒன்று, உயரம் ஒன்று. என்றாலும், தூக்கிய எடையின் ஆற்றல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. அமெரிக்காவில் சுழலும் உருளையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்துத் தளர்த்தி எடையை விட்டார்கள். கயிற்றின் உராய்வு ஆற்றலைத் தின்றது. ஜப்பானில் கொக்கி கழன்று எடை தடையின்றி விழும் ஏற்பாடு இருந்தது. அளந்து பார்த்தால், வளைய வடிவ எடையும் கயிறும் சேர்ந்த பழைய அமெரிக்க முறையில் 45 சதவீதம்தான் தண்டுக்குப் போகிறது. ஜப்பானியத் தடையற்ற வீழ்ச்சியில் 78 சதவீதம். நாம் மேலே பார்த்த அதே மண்ணை ஜப்பானியக் குழு 10 என்று எழுதும், அமெரிக்கக் குழு 17 என்று எழுதும். கயிறு பழசா புதுசா, ஈரமா காய்ந்ததா, இழுப்பவர் காலையில் புத்துணர்வோடு இருக்கிறாரா, மாலையில் களைத்திருக்கிறாரா என்பதெல்லாம் எண்ணில் கலக்கிறது.

1985-ல் சீட், தோக்கிமாட்சு, ஹார்டர், சங் ஆகிய நால்வரும் இந்தச் சிக்கலை எடுத்துத் தீர்த்தார்கள். எல்லா நாட்டு அடிக்கணக்கையும் 60 சதவீத ஆற்றலுக்குச் சமமாக மாற்றி, ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். மணலில் நுண்துகள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கேற்பத் தனித்தனிக் கோடுகள் வரைந்தார்கள். பிளந்த குழாயில் ஒட்டிவந்த ஒரு கைப்பிடி மண் இங்கேதான் உதவியது. சுத்தமான மணலில், திருத்திய அடிக்கணக்கு 30-ஐத் தாண்டினால் திரவமாகாது என்ற எல்லையும் நிலைத்தது. சீட் 1989-ல் மறைந்தார். 1996-ல் அமெரிக்காவில் அறிஞர்கள் கூடி அவர் முறையைச் செப்பனிட்டார்கள். அதன் முடிவு 2001-ல் யூட், இத்ரிஸ் பெயரில் வெளிவந்தது.

எஸ்.பி.டி.க்குக் குறைகள் உண்டு. ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை தட்டிப் பார்க்கும் சோதனைக்கு, நடுவே ஒளிந்திருக்கும் அரை அடி மணல் பட்டை கண்ணில் படாது. சரளைக்கல் குழாய் வாயை அடைத்தால் எண் பொய்யாக ஏறும். துளைக்குள் நீர்மட்டத்தைச் சரியாக வைக்காவிட்டால் அடிமணல் கலைந்து எண் பொய்யாக இறங்கும். கூம்பு நுனியை விநாடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் நிதானமாக அழுத்தி, ஆழம் முழுவதும் இடைவிடாமல் பதியும் டச்சுக்காரர்களின் முறை இந்தக் குறைகளில் பலவற்றைப் போக்கியது. 2010, 2011 நிலநடுக்கங்களுக்குப் பின் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஆயிரக்கணக்கான இடங்களில் அந்தக் கூம்பு இறங்கியது. அந்தக் கதை அடுத்த பகுதியில்.

நம் நாட்டுக்கு வருகிறேன். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1893. அதன் 2002 பதிப்பு, 3, 4, 5 ஆம் நிலநடுக்க மண்டலங்களில் நீர்மட்டத்துக்குக் கீழே மணல் இருந்தால், அடிக்கணக்கு 5 மீட்டர் ஆழத்துக்குள் 15-ஆகவும் 10 மீட்டருக்குக் கீழே 25-ஆகவும் இருப்பது விரும்பத்தக்கது என்றது. அதற்குக் குறைந்தால் மண்ணை இறுக்க வேண்டும், அல்லது பைல் இறக்க வேண்டும். நீகாட்டாவில் சுமார் 20 மீட்டர் ஆழத்துக் கெட்டி மண்ணில் ஊன்றிய பைல்களின்மேல் நின்ற கட்டடங்கள் தப்பியதை நினைவில் கொள்ளுங்கள். 2016 பதிப்பு சீட், இத்ரிஸ் வழிவந்த எளிய முறையையே பிற்சேர்க்கையாகத் தந்துவிட்டது. முந்தைய 2002 பதிப்பில்தான் சென்னை 3 ஆம் மண்டலத்துக்கு வந்தது.

சாயில் டெஸ்ட் என்ற பெயரில் நம் ஊர் மனைகளில் நடக்கும் வேலையை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். வெயிலில் வியர்க்க வியர்க்க எடையைத் தூக்கும் தொழிலாளிகள், எண்ணிச் சொல்லும் ஒருவர், நோட்டில் எழுதும் ஒருவர். நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று துளைக்குக் காசு வாங்கி ஒன்று போட்டுவிட்டு மற்றதை மேசையில் எழுதியதையும் என் கண்ணால் கண்டிருக்கிறேன். என் உறவினர் வாங்கிய மனை அது. அப்படி எழுதிய எண் எந்த வரைபடத்தில் போய் உட்கார்ந்தாலும், எவ்வளவு துல்லியமான மென்பொருளுக்குள் போனாலும், பொய்யாகவே இருக்கும்.

அடுக்ககத்தில் வீடு வாங்கப் போகும் வாசகர்கள் பத்திர நகலைக் கேட்பதுபோல் ‘போர் லாக்’ என்னும் துளைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்றைப் பாருங்கள்: நீர்மட்டம் எத்தனை மீட்டரில், மணல் எந்த ஆழத்தில், அங்கே அடிக்கணக்கு எவ்வளவு. துளையிட்ட தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். புரியாவிட்டால் தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். வீடு கட்டுகிறவராக இருந்தால், துளையிடும் நாளில் ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று, நீங்களும் சேர்ந்து எண்ணுங்கள்.